பக்தரும் குடிமக்களும்: கெடாத் தமிழர் பொதுவாழ்வில் சமயம்

(மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள சுங்கை பட்டாணியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



யாரோ ஒருவர் தம் உழைப்பில் மிச்சம் பிடித்த பணத்தைத் தமக்குப் பின்னாலும் நாலு பேர் கூடிச் சிந்திக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்ததால்தான் இந்தக் கூட்டம் நடக்கிறது. அந்தப் பணத்துக்கு நான் செய்யக்கூடிய மரியாதை, மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசுவது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இந்த அவையில் பெரும்பாலோர் நம்பிக்கை உள்ளவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இன்று நான் எடுக்கப் போவதில்லை. ஒருவர் தம் வீட்டுச் சாமி அறையில் என்ன செய்கிறார் என்பது அவர் பாடு. என் பேச்சு வீட்டு வாசலைத் தாண்டிய இடங்களைப் பற்றியது: சம்பளம், நிலம், பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு, பொதுப்பணம், அரசாங்க அலுவலகம்.

என் கருத்து இதுதான். கெடாத் தமிழர்களாகிய நாம் நூறாண்டுக்கு மேலாக அதிகாரத்தின் முன்னால் பக்தர்களாக நின்று பழகிவிட்டோம். குடிமக்களாகக் கேட்க வேண்டியதை எல்லாம் பக்தர்களாகப் போய்க் கேட்கிறோம். பக்தராகக் கேட்டால் கிடைப்பது சலுகை. கொடுத்தவர் நினைத்தால் சலுகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உரிமையை அப்படி வாங்க முடியாது. இந்த வேறுபாட்டை நாம் மறந்தது எப்படி, மறக்காமல் இருந்த காலங்கள் எவை, இனி என்ன செய்யலாம் என்பதே இன்றைய உரை.

1. தோட்டத்துக் கோயில்

இந்த வட்டாரத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். தொழிலாளர் குடியிருந்த லயம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், குழந்தைகளை விடும் ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்த வரிசை மாறாது. கோயிலுக்கு இடம் விட்டது கம்பெனி. கோயில் தலைவராக இருந்தவர் பெரும்பாலும் வேலையாட்களை மேய்த்த கங்காணி, அல்லது எழுத்தரான கிராணி. பல தோட்டங்களில் கோயில் வரி மாதச் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. கொடுக்க மனமிருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. சம்பள நாளில் கையில் விழும் காசு, சாமிக்குப் போனது போக மிச்சம்தான்.

திருவிழா அன்று தோட்ட மேலாளரான துரை வருவார். மேளம் கொட்டும். அவருக்கு மாலை போட்டு, பரிவட்டம் கட்டி, முதல் மரியாதை செய்வார்கள். அம்மனை நம்பாத அந்த வெள்ளைக்காரருக்குத்தான் அம்மன் சந்நிதியில் முதல் இடம். ஆண்டு முழுக்க விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால்வெட்டிய தொழிலாளி, கூட்டத்தின் கடைசியில் கைகட்டி நிற்பார். அந்தக் கூட்டத்துக்குள்ளும் வரிசை உண்டு. பல தோட்டங்களில் சாதிக்கு ஒரு லயம் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் கோயிலுக்கு உள்ளே வரக்கூடாது, தேர் வடத்தைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அவர்கள் தனிக் கோயில் கட்டிக்கொண்ட தோட்டங்கள் உண்டு. மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு பற்றி ராஜகிருஷ்ணன் ராமசாமி 1984-இல் வெளியிட்ட ஆய்வு நூலைப் படித்தால், கடல் தாண்டியதும் சாதி கரைந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் நிலைக்காது.

நான் ஒருதலையாகப் பேச விரும்பவில்லை. அந்தக் கோயில் மக்களுக்குக் கொடுத்தவையும் உண்டு. ஆண்டில் இரண்டு மூன்று நாள் மனிதராக உடுத்தி, மனிதராகச் சிரிக்க அது இடம் தந்தது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது ஊராக இருந்தது. பெண்கள் வேலைக் கவலையும் வீட்டுக் கவலையும் இறக்கிவைத்துப் பேசிக்கொள்ள அதன் வாசல் உதவியது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே என் கேள்வியை வைக்கிறேன். மக்களின் ஒரே பொது இடத்தைத் தன் நிலத்தில், தன் தயவில், தன் கிராணியின் தலைமையில் வைத்துக்கொண்ட நிர்வாகம், அந்த மக்களிடமிருந்து என்ன எதிர்பார்த்திருக்கும்? பணிவைத்தான். கோயிலுக்கு நன்கொடை கேட்டுப் போகிற அதே கை, கூலி உயர்வு கேட்டு நீள்வது கடினம்.

2. கேள்வி கப்பலேறி வந்த காலம்

1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். வடக்கே கெடாத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழருக்கு அந்தத் துறைமுகம்தான் வாசல். அங்கிருந்து ஈப்போவில் நடந்த அகில மலாயாத் தமிழர் மாநாட்டுக்குப் போனார். நாடெங்கும் கூட்டங்களில் பேசினார். அவரை இறங்கவே விடக்கூடாது என்று எதிர்த்தவர்களும் நம்மவர்கள்தான். 1954 இறுதியில் அவர் மறுபடி வந்தபோது, முதல் பயணம் விதைத்தது வளர்ந்திருந்தது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். போருக்குப் பின் திராவிடர் கழகக் கிளைகள் மலாயாவில் பரவின.

இந்தச் சீர்திருத்தக்காரர்களைக் கோயிலை எதிர்த்தவர்கள் என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். ஆடு, கோழி பலி எதற்கு? சாதி பார்த்து ஏன் தள்ளி வைக்கிறீர்கள்? விதவைக்கு மறுமணம் ஏன் கூடாது? புரோகிதர் இல்லாமல் இருவர் உறுதிமொழி சொல்லிக் கல்யாணம் செய்தால் என்ன குறை? இன்று நம்பிக்கை உள்ளவர்களே இவற்றில் பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பலியிடும் கோயில்கள் குறைந்துவிட்டன. தேர் வடம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. இந்த மாற்றங்களுக்காக ஏச்சும் பேச்சும் வாங்கியவர்களின் பெயர்கள் எந்தக் கோயில் கல்வெட்டிலும் இல்லை.

சாரங்கபாணி செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1952-இல் அவர் முன்னின்று தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டி, இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், நம்பிக்கை இல்லாதவர் யாராக இருந்தாலும் தமிழர் என்ற ஒரே உறவில் கூடும் விழா அது. பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று தோட்டங்களிலும் நடந்தது. சமயத்துக்கு வெளியேயும் நமக்கு ஒரு பொது முற்றம் வேண்டும் என்று அவர் கண்டது தொலைநோக்கு. அந்த முற்றத்தை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

3. பீடோங், 1947

இந்த மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது பீடோங். போர் முடிந்து, ஜப்பானியர் போய், பிரிட்டிஷார் திரும்பி வந்த காலம். பர்மா ரயில் பாதைக்குப் போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அரிசி விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. ஆனால் தோட்டத்துக் கள்ளுக்கடை மட்டும் ஒழுங்காகத் திறந்தது. சம்பளத்தில் ஒரு பங்கு நிர்வாகத்தின் கள்ளுக்கடை வழியாக நிர்வாகத்திடமே திரும்பிப் போயிற்று.

ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் இளைஞர்கள் தொண்டர் படை ஒன்றை அமைத்தார்கள். வரிசையில் நின்று பயிற்சி எடுத்தார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்க் குடியை விடச் சொன்னார்கள். கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் அந்த மறியலில் போலீஸ் தலையிட்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் மோதலும் கைதுகளும் தொடர்ந்தன. பலர் சிறைக்குப் போனார்கள்.

மது கூடாது என்று பல சமயங்கள் சொல்கின்றன. ஆயினும் கள்ளுக்கடைக்கும் கோயிலுக்கும் ஒரே நிர்வாகம் இடம் கொடுத்திருந்தபோது, முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் கள்ளும் சுருட்டும் படைத்துக்கொண்டிருந்தபோது, கோயில் கமிட்டிகள் அந்தக் கடையை மூடச் சொல்லவில்லை. கூலித் தொழிலாளர்கள் சொன்னார்கள். குடும்பத்தில் அடி வாங்கிய பெண்கள் அவர்கள் பின்னால் நின்றார்கள். நம் குழந்தை பசியோடு தூங்குகிறது, அந்தக் காசு கள்ளுக்குப் போகிறது என்ற கண்கூடான உண்மையே அவர்களுக்குப் போதுமான வேதமாக இருந்தது. கடவுள் பயம் போனால் ஒழுக்கம் போய்விடும் என்று என்னிடம் சொல்பவர்களுக்கு நான் பீடோங்கைத்தான் காட்டுவேன். நம் வட்டாரத்தின் மிகப் பெரிய ஒழுக்கப் போராட்டம் பெரட்டுக் களத்தில் பிறந்தது.

4. பத்து வெள்ளியின் வலிமை

அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் இன்னொரு இடி விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். தோட்டம் பிரிந்தால் வேலை போகும். வேலை போனால் லய வீடு போகும். குடியுரிமைப் பத்திரம் இல்லாதவரின் நிலை இன்னும் மோசம்.

அப்போது ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில்தான் இருக்கிறது: புக்கிட் சிடிம்.

இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கோயில் வரி பிடித்த அதே சம்பளத்திலிருந்துதான் இந்தப் பத்து வெள்ளியும் வந்தது. பால்வெட்டிப் பிழைத்தவர்கள் தோட்ட முதலாளிகளாக ஆனார்கள். ரசீது உண்டு, பங்குப் பத்திரம் உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு. பங்குதாரருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் தங்கள் காசு எங்கே போகிறது என்று கேட்கப் பழகியது இதைப் போன்ற இடங்களில்தான்.

5. நிலத்தின் கேள்வி சாமியின் கேள்வியாக மாறியது

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, தாமான்கள் எழுந்தன, தொழிற்பேட்டைகள் வந்தன. மக்கள் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் பாடாங் செராய்க்கும் குடிபெயர்ந்தார்கள். கோயில்கள் பழைய இடத்தில் நின்றன. நிலம் கம்பெனியின் பெயரில் அல்லது அரசாங்கத்தின் பெயரில். பல கோயில்களுக்குப் பட்டா கிடையாது. எண்பது, நூறு ஆண்டு வழிபாடு நடந்த இடமாக இருந்தாலும் நில அலுவலகத்தின் கோப்பில் அது அனுமதியில்லாக் கட்டடம்.

2020 ஜூலையில் அலோர் ஸ்டாரில் மதுரை வீரன் கோயில் ஒன்றை மாநகர் மன்றம் இடித்தது. கொதித்தோம். 2021 ஜனவரியில், நடமாட்டக் கட்டுப்பாட்டினால் ஊர்வலம் இல்லை என்ற காரணம் காட்டி, தைப்பூசத்துக்கு அந்த ஆண்டு மாநிலச் சிறப்பு விடுமுறை இல்லை என்று மந்திரி பெசார் முகமட் சனுசி அறிவித்தார். மறுபடி கொதித்தோம். இரண்டு முறையும் என் கோபம் உங்கள் கோபத்துக்குக் குறைந்ததில்லை. நம்பிக்கை இல்லாதவனுக்கு ஏன் கோபம் என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு மக்கள் கூட்டத்தின் கோயிலை உரிய பேச்சில்லாமல் இடிப்பதும், அவர்கள் திருநாளை விருப்பம்போல் கொடுத்து விருப்பம்போல் எடுப்பதும் குடிமக்களை அவமதிப்பது. அதைக் கண்டிக்க அம்மன் மேல் நம்பிக்கை தேவையில்லை.

ஆனால் நாம் கொதித்த விதத்தில் ஒரு பிழை இருந்தது. எங்கள் சாமியைத் தொட்டால் சும்மா விடுமா என்றோம். மதம் புண்பட்டது என்றோம். சண்டையை மதத்துக்கும் மதத்துக்குமான சண்டையாக நாமே ஆக்கிக் கொடுத்தோம். கெடாவில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறோம். மத அடையாளத்தில் எண்ணிப் பார்க்கும் களத்தில் ஏழு பேர் எந்நாளும் தோற்பார்கள். சட்டத்தின் களத்தில் ஏழு பேருக்கும் தொண்ணூற்று மூன்று பேருக்கும் ஒரே எடை. கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமை உண்டு என்கிறது. நிலமோ மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் பாட்டன் பூட்டன் உழைப்பில் வளர்ந்த இந்த மண்ணில், அவர்கள் கட்டிய பொதுக் கட்டடத்துக்கு ஏன் இன்றுவரை பட்டா இல்லை? இந்தக் கேள்வி லய வீட்டுக்கும் பொருந்தும், தமிழ்ப்பள்ளி நிலத்துக்கும் பொருந்தும், இடுகாட்டுக்கும் பொருந்தும். சாமி பெயரில் மட்டும் கேட்டதால் கோயிலுக்கு எப்போதாவது மானியம் கிடைத்தது. வீட்டை இழந்து வெளியேறிய தொழிலாளியின் வழக்கு அந்த ஆரவாரத்தில் காதில் விழாமல் போனது.

தேர்தல் காலத்தில் கோயில் மண்டபத்தில் காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதை எல்லாக் கட்சியும் செய்கிறது. அந்தத் தொகை நம் வரிப்பணம். அதை வாங்கிக்கொண்டு சால்வை போர்த்துகிறோமே, அன்று துரைக்குக் கட்டிய பரிவட்டத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

6. வரலாறும் ஆதாரமும்

குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக் அருகே லெம்பா பூஜாங் என்னும் தொல்லியல் பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்துப் போகிறோம். 1930-களில் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் அங்கே அகழ்ந்தார். சண்டி எனப்படும் பழங்கால வழிபாட்டுக் கட்டடங்களில் ஒன்றான புக்கிட் பத்து பஹாட் சண்டி 1960 அளவில் மீட்டுக் கட்டப்பட்டது. இந்து, பௌத்தச் சின்னங்கள் இரண்டும் அந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கின்றன. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, பழங்கால இரும்பு உருக்கும் உலைகளைக் கண்டார்கள்.

2013 இறுதியில், பதினோராம் எண் சண்டி ஒரு வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டது தெரியவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கற்கள் மண்ணோடு தள்ளப்பட்டன. தனியார் நிலத்தில் இருந்த அந்த இடம் மரபுடைமையாக அரசிதழில் பதிவாகவில்லை. அப்போதும் நாம் இந்துக் கோயிலை இடித்தார்கள் என்றே பேசினோம். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் இந்த இடங்களை ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டிருந்தால், மலாய்க்காரரும் சீனரும் வரலாற்று ஆசிரியர்களும் நம்மோடு நின்றிருப்பார்கள். சிலர் நிற்கவும் செய்தார்கள்.

நம் பக்கத்து மிகைப்பேச்சையும் நாம்தான் திருத்த வேண்டும். இந்தச் சண்டிகளை ராஜேந்திர சோழன் கட்டினான் என்று கைப்பேசிகளில் செய்தி சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. 1025 அளவில் அவன் கடாரம் என்னும் பழைய கெடாவின் மேல் படையெடுத்தான், பொருளைக் கவர்ந்தான் என்றுதான் அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. படையெடுத்து வந்தவனின் பெருமையில் நமக்கு என்ன பங்கு? நம் முன்னோர் கூலிகளாக வந்து காட்டை அழித்து, மலேரியாவில் மடிந்து, ரயில் பாதையும் ரப்பரும் தந்தவர்கள். அந்தப் பெருமை ஆவணங்களில் இருக்கிறது. அதற்குச் சக்கரவர்த்தியின் துணை வேண்டாம். ஆதாரம் கேட்கும் பழக்கத்தை அடுத்தவர் வரலாற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது பகுத்தறிவு ஆகாது.

7. பள்ளிக்கூடம்

1970 ஆகஸ்டு 31-இல் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. பள்ளிச் சபைகூடலில் நம் பிள்ளைகள் அதைச் சொல்கிறார்கள். அதன் முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். 2017-இல் கோலாலம்பூரில் நம்பிக்கை இல்லாத இளைஞர்கள் சிலர் கூடி எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் வெளிவந்தபோது, அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அமைச்சர் பேசினார். இந்த நாட்டில் ஐயம் கொள்பவரின் நிலை எவ்வளவு ஒடுங்கியது என்பதற்கு இது போதும். நம்புகிறவர்களுக்கும் இதில் கவலைப்பட இடமிருக்கிறது. மனத்துக்குள் இருப்பதை அரசு விசாரிக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், இன்று என்னை விசாரிப்பவர் நாளை உங்கள் நம்பிக்கை சரியான வகையா என்று விசாரிப்பார்.

அதே ருக்குன் நெகாராவின் மூன்றாவது கோட்பாடு அரசியலமைப்புச் சட்டத்தின் உயர்வு. நான்காவது சட்டத்தின் ஆட்சி. ஐம்பது ஆண்டாக முதல் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டே பேசியிருக்கிறோம். மூன்றையும் நான்கையும் நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லும் ஆசிரியர்கள் நமக்கு வேண்டும்.

தமிழ்ப்பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வுக்கு முன் எழுதுகோல்களைத் தட்டில் வைத்துப் பூசை செய்து கொடுக்கிறோம். காலைச் சபைகூடலில் தேவாரம் பாடுகிறோம். வரிசையில் கிறிஸ்தவத் தமிழ்ப் பிள்ளையும் நிற்கிறது. நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளையும் நிற்கிறது. அந்தப் பிள்ளை தலை குனிந்து உதட்டை மட்டும் அசைக்கிறது. தமிழ் கற்க வந்த இடத்தில் தான் பாதி அந்நியர் என்று அதற்கு நாம் கற்பித்துவிடுகிறோம். தமிழ்ப்பள்ளி தமிழர் எல்லோருக்கும் பொது.

சமயத்தின் பெயரால் கல்விப் பணி நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஏராளமான பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டு சேர்த்தது. ஆண்டுதோறும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போனார்கள். அந்த நிலையத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். யாத்திரை பிள்ளைகளுக்கு ஊக்கம் தந்திருக்கும். தேர்ச்சியைத் தந்தது சனி, ஞாயிறு பாராமல் வந்து கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள். நன்றி சொல்லும்போது அவர்களை முதலில் நினைப்போம்.

8. நம் வீட்டுக் காரியங்கள், நம் கமிட்டிகள்

அரசாங்கத்திடம் கேட்கும் கேள்வியை நமக்குள்ளும் கேட்க வேண்டும். ஒரு கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக் கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கும். செயலாளர் அறிக்கையை வேகமாக வாசிப்பார். பொருளாளர் ஒரு பக்கக் கணக்கைக் கையில் உயர்த்திக் காட்டுவார். ஒருவர் முன்மொழிகிறேன் என்பார், இன்னொருவர் வழிமொழிகிறேன் என்பார். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, உண்டியல் பணம் இதில் எங்கே என்று கேட்டால், சாமி காசில் கணக்குக் கேட்கிறாயா என்று நாலு குரல் எழும். அவர் உட்கார்ந்துவிடுவார். மதிய அன்னதானத்தோடு கூட்டம் கலையும். ஆறு மாதம் கழித்து அதே கோயிலில் இரண்டு கமிட்டி, இரண்டு பூட்டு, சங்கப் பதிவிலாகாவில் புகார், நீதிமன்றத்தில் வழக்கு. அன்று அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் வழக்குச் செலவு மிச்சம். கேள்வி கேட்டவரே அந்தக் கோயிலின் உண்மையான காவலர்.

இனி வீட்டுக் காரியங்கள். கல்யாணம் ஒன்று. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி, கட்டாயப் பதிவு என்று அது விதித்தது. அதற்கு முன் இரண்டாம் தாரமாகக் கட்டிக் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தாலி சாட்சி சொல்லவில்லை. பதிவுத் தாள் சாட்சி சொல்கிறது. அம்மி மிதிப்பவர்கள் மிதிக்கட்டும், பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாவு இன்னொன்று. பதினாறாம் நாள். கணவனை இழந்து அழுது ஓய்ந்த ஒரு பெண்ணை நடுவில் உட்கார வைக்கிறோம். தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பொட்டு வைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் பறிக்கிறோம். வளையல் உடையும் சத்தத்தில் அவருடைய பிள்ளைகள் மூலையில் நடுங்குகின்றன. எந்தக் கடவுளின் கட்டளை இது? கேட்டால் வழக்கம் என்பார்கள். நண்பர்களே, இந்தச் சடங்கை நிறுத்த எந்தச் சட்டமும் வேண்டாம், எந்த அமைச்சரும் வேண்டாம். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, என் மகளுக்கு இது வேண்டாம் என்று சொன்னால் போதும். இந்தச் சொற்பொழிவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போங்கள்.

9. செய்ய வேண்டியவை

என் வேண்டுகோள்களைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறேன்.

கோயில் கமிட்டிகள் ஆண்டு வரவு செலவைத் தணிக்கை செய்து, தமிழில், கோயில் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். அரசு மானியம் எவ்வளவு, உண்டியல் எவ்வளவு, செலவு என்ன என்பது கும்பிட வருபவர் எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

கோயில், பள்ளி, இடுகாடு, பழைய லய வீடுகள் ஆகியவற்றின் நில நிலவரத்தைத் தோட்டம் வாரியாக ஒரே பட்டியலாகத் தொகுக்க வேண்டும். அந்தப் பட்டியலோடு, எல்லாச் சமயத் தமிழரும் கையெழுத்திட்டு, குடிமக்கள் என்ற முறையில் மாநில அரசிடம் பட்டா கேட்க வேண்டும். அதில் என் கையெழுத்தும் இருக்கும். கும்பிடாத கோயிலுக்காகவும் நான் கையெழுத்திடுவேன்.

தமிழ்ப்பள்ளியின் பொது நிகழ்ச்சிகள் எந்தப் பிள்ளையையும் ஓரமாக நிறுத்தாதவையாக இருக்க வேண்டும். தமிழர் திருநாளைச் சாரங்கபாணி நினைத்தபடி, சமயம் கடந்த விழாவாக ஒவ்வோர் ஊரிலும் மீட்க வேண்டும். பீடோங்கில் 1947-இல் நடந்ததை நம் பிள்ளைகள் தங்கள் ஊர் வரலாறாகப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை உள்ளவர்களிடம் நான் நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. உங்கள் சாமியை அரசியல்வாதியின் காசோலையிலிருந்தும் கணக்குக் காட்டாத கமிட்டியிலிருந்தும் விடுவியுங்கள் என்கிறேன். என்னைப் போன்ற ஐயவாதிகளிடம் நான் கேட்பதும் ஒன்றுண்டு. மேடையில் கடவுளை மறுத்துவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, நில அலுவலகத்தில் வரிசையில் நிற்க, இழவு வீட்டில் சடங்கைத் தடுக்க முன்னே வருவதுதான் நம் கொள்கைக்கு அழகு. தொண்டர் படை இளைஞர்கள் பேசியது கொஞ்சம், செய்தது அதிகம்.

அரசு அலுவலகத்தின் முகப்பில் அடுத்த முறை நாம் நிற்கும்போது, அருளுக்குக் காத்திருப்பவர்களாக நிற்க வேண்டாம். அரசியலமைப்பு நமக்குப் பேர் போட்டுக் கொடுத்த பங்கைக் கேட்பவர்களாக நிற்போம். கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் அந்த வரிசையில் சேர்ந்து நிற்கலாம். சேர்ந்து நின்றால்தான் வரிசை நகரும்.